ஓடிக்கொண்டிருக்கும் கோடின் வெர்ஷனை அப்ளிகேஷனுக்குள்ளேயே காட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு வெப் அப்ளிகேஷன், கோடு கிட்டில் (மாற்றங்களை வரலாற்றோடு பதிந்துவைக்கும் கருவி) இருக்கிறது, டெஸ்ட், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று மூன்று இடங்களில் ஓடுகிறது. "நான் இப்போது பார்ப்பது புது பில்டா, பழசா?" என்று டெஸ்டர்களும் சப்போர்ட்டில் இருப்பவர்களும் தினமும் கேட்கிறார்கள். திரையிலேயே வெர்ஷனைக் காட்ட என்ன வழி? கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண்ணை எழுதிவைத்து ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதை மாற்றினால் போதாதா?

போதாது. கையால் எழுதும் எண் முதல் சில ரிலீஸுக்குச் சரியாக இருக்கும். அப்புறம் ஒருநாள் அவசரமாக ஒரு ஹாட்ஃபிக்ஸ் போகும். எண்ணை மாற்ற யாருக்கும் நினைவு வராது. அன்றிலிருந்து திரையில் இருக்கும் எண் ஒன்று, ஓடும் கோடு வேறொன்று. இது வெர்ஷனே காட்டாமல் இருப்பதைவிட மோசம். ஏனென்றால் எல்லோரும் அந்த எண்ணை நம்பித்தான் பிழையைத் தேடப் போவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் செய்ய வேண்டியது இது: பில்ட் ஆகும் நேரத்தில் கிட்டிடம் கமிட் ஹாஷைக் (பதிவான ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் தரும் அடையாளச் சரம்) கேட்டு அதை பில்டுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது அதை ஒரே ஒருமுறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளட்டும். ஃபுட்டரிலும், "/வெர்ஷன்" போன்ற ஒரு முகவரியிலும், லாகிலும் அந்த மெமரியில் இருப்பதையே காட்டட்டும். மருந்து அட்டையில் பேட்ச் எண் எங்கே அச்சாகிறது? தொழிற்சாலையில், மருந்தை அடைக்கும்போது. கடைக்காரர் பிறகு எழுதி ஒட்டுவதில்லை. அதே முறைதான்.

இந்த ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதைச் செய்யப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

முதலில், இது ஏன் ஃபுட்டர் அலங்காரம் அல்ல என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காக மாற்றிய கோடோடு வேலையைத் தொடங்கியது. ஆர்டர்களை அனுப்பும் சர்வர்கள் மொத்தம் எட்டு. அதற்கு முந்தைய நாட்களில் டெப்ளாய் செய்தபோது ஏழு சர்வர்களில் புதுக் கோடு ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் யாரும் இல்லை. புதுக் கோடு, முன்பு வேறொரு வேலைக்குப் பயன்பட்ட ஒரு ஃபிளாகை, அதாவது ஆன்-ஆஃப் சுவிட்சை, மறுபடி பயன்படுத்தியது. அந்த எட்டாவது சர்வரிலோ, அதே ஃபிளாக் பல வருடங்களாகக் கைவிடப்பட்டுக் கிடந்த "பவர் பெக்" என்ற பழைய கோடை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். இதெல்லாம் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இருக்கிறது.

அந்த உத்தரவில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு வரி. பிரச்சினையைத் தீர்க்கும் அவசரத்தில், புதுக் கோடு சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். விளைவு, அந்த ஏழிலும் பழைய கோடு விழித்துக்கொண்டது, நிலைமை இன்னும் மோசமானது. எந்த சர்வரில் எந்தக் கோடு ஓடுகிறது என்பது அந்த நேரத்தில் அவர்கள் கண்முன் தெரியவில்லை. எட்டு சர்வர்களையும் வரிசையாகக் கேட்டு எட்டு ஹாஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி இருந்திருந்தால், வித்தியாசமான அந்த ஒன்று சந்தை திறக்கும் முன்பே கண்ணில் பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எதைக் காட்டுவது? கமிட் ஹாஷ்தான் அடிப்படை. அது கோடின் உள்ளடக்கத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் கணக்கிடப்படுவது, யாரும் மறந்துபோக முடியாது. இங்கே பலருக்கு ஒரு யோசனை வரும்: ஹாஷை ஒரு ஃபைலில் எழுதி அந்த ஃபைலையும் கமிட் செய்துவிட்டால் என்ன? முடியாது. ஃபைலின் உள்ளடக்கம் மாறினால் ஹாஷும் மாறும். ஒரு கமிட்டுக்குள் அதன் சொந்த ஹாஷ் இருக்க வழியில்லை. சப்வெர்ஷன் காலத்தில் ஃபைலுக்குள் "ரிவிஷன்" என்ற கீவேர்டை டாலர் குறிகளுக்கு நடுவே எழுதினால் அது தானாக எண்ணாக மாறும். ஆனால் அதுவும் அந்த ஒரு ஃபைல் கடைசியாக மாறிய ரிவிஷனைத்தான் காட்டும், மொத்த ப்ராஜெக்டின் ரிவிஷனை அல்ல. அந்தப் பழக்கத்தோடு கிட்டுக்கு வந்தவர்கள் இன்றும் இதே மாதிரி ஒன்றைத் தேடுகிறார்கள். கிட்டில் அதற்கு இணையானது "கிட் ஆர்க்கைவ்" செய்யும்போது மட்டும் வேலை செய்யும். "எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட்" என்ற அட்ரிப்யூட்டை அந்த ஃபைலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். டார் ஃபைலாகச் சுருட்டி அனுப்பும் டீம்களுக்கு அது நல்ல வழி.

வெறும் ஹாஷ் டெவலப்பருக்குப் போதும், சப்போர்ட்டில் இருப்பவருக்குப் போதாது. அவருக்கு "2.4-ஆ, 2.5-ஆ" என்றுதான் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே சரத்தில் தருவதற்கு "கிட் டிஸ்கிரைப்" என்ற கட்டளை இருக்கிறது. ரிலீஸ் ஆகும் கமிட்டுக்கு டேக் (பெயர்ச்சீட்டு) போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், டேக்ஸ், ஆல்வேஸ், டர்ட்டி என்ற மூன்று ஆப்ஷன்களோடு அதை ஓட்டிப் பாருங்கள். இப்படி ஒன்று வரும்:

2.4.1-14-ஜி3907251

இதைப் படிப்பது சுலபம். கடைசியாகப் போட்ட டேக் 2.4.1. அதற்குப் பிறகு 14 கமிட்டுகள் ஆகியிருக்கின்றன. "ஜி" என்பது கிட்டைக் குறிக்கும் முன்னெழுத்து, ஹாஷின் பகுதி அல்ல. தேடும்போது அதை விட்டுவிட்டுத் தேட வேண்டும். மீதி ஏழும் ஹாஷின் தொடக்கம். டேக் போட்ட கமிட்டிலேயே பில்ட் செய்தால் வெறும் 2.4.1 மட்டும் வரும். இறுதியில் "டர்ட்டி" என்று ஒட்டிக்கொண்டு வந்தால், கமிட் செய்யாத மாற்றங்களோடு யாரோ பில்ட் செய்திருக்கிறார்கள் என்று பொருள். புரொடக்‌ஷனில் அந்த வார்த்தையைப் பார்த்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை விசாரியுங்கள்.

அந்த உதாரணத்தை இன்னொருமுறை பாருங்கள். ஏழு இடத்திலும் எண்களே வந்திருக்கின்றன, எழுத்து ஒன்றுகூட இல்லை. இது அபூர்வம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால், பதினாறு குறியீடுகளில் பத்து எண்கள் என்பதால், ஏழெழுத்து ஹாஷ்களில் ஏறக்குறைய 27-ல் ஒன்று முழுக்க எண்ணாகவே அமையும். இதை யாம்ல் என்ற கான்ஃபிக் வடிவ ஃபைலில் மேற்கோள் குறியில்லாமல் எழுதினால், படிக்கும் நிரல் அதைச் சரமாகப் பார்க்காது, எண்ணாகப் பார்க்கும். முதலில் பூஜ்யம் இருந்தால் சில பார்சர்கள் எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு ஆங்கில "இ" மட்டும் வந்து மற்றவை எண்களாக இருந்தால் அறிவியல் குறியீட்டு எண்ணாகிவிடும். கண்டெய்னர்களை டெப்ளாய் செய்ய உதவும் ஹெல்ம் கருவியில் இமேஜ் டேகாக ஹாஷைக் கொடுப்பவர்கள் மாதக்கணக்கில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டிவிட்டு, திடீரென ஒருநாள் "இப்படி ஒரு இமேஜே இல்லை" என்ற பிழையில் முட்டுவது இதனால்தான். மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஹெல்மில் "செட்" என்பதற்குப் பதில் "செட்-ஸ்டிரிங்" பயன்படுத்துங்கள்.

ஏழு எழுத்து போதுமா என்றும் கேட்பார்கள். 2016-ல் வந்த கிட் 2.11-இலிருந்து, ரெப்போ (கோடும் வரலாறும் இருக்கும் கிடங்கு) பெரிதாகப் பெரிதாக கிட் தானாகவே சுருக்க ஹாஷின் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலில் பன்னிரண்டு எழுத்துகள் எழுதுவது வழக்கம். என் யோசனை: ஃபுட்டரில் சுருக்கம், "/வெர்ஷன்" முகவரியில் முழு நாற்பது எழுத்தும். இன்னொரு சிறு விஷயம், செம்வெர் என்ற வெர்ஷன் எண் முறைப்படி ஹாஷைக் கூட்டல் குறி போட்டு ஒட்டலாம் என்றாலும், டாக்கர் (அப்ளிகேஷனை இமேஜாகப் பொதிந்து ஓட்டும் கருவி) டேகில் கூட்டல் குறிக்கு இடமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே சரம் வேண்டுமென்றால் ஹைஃபன் போடுங்கள்.

அடுத்தது பதிப்பது. இங்கே பெரும்பாலோர் முதலில் செய்வது, பேஜ் ரெண்டர் ஆகும்போது அப்ளிகேஷனுக்குள்ளிருந்தே கிட் கட்டளையை ஓட்டுவது. லேப்டாப்பில் அழகாக வேலை செய்யும். சர்வரில் வேண்டாம். அங்கே கிட் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்ஸ்டால் ஆகியிருந்தாலும், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2-இலிருந்து, வேறொரு யூசருக்குச் சொந்தமான ரெப்போவில் கட்டளையை ஓட்ட கிட் மறுத்துவிடும். அது ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கச் செய்த மாற்றம். கோடு டெப்ளாய் யூசரின் பெயரிலும் வெப் சர்வர் வேறு யூசரின் பெயரிலும் இருப்பதுதான் வழக்கம் என்பதால், அன்றுவரை ஓடிய எத்தனையோ ஃபுட்டர்களில் ஒரே நாளில் வெர்ஷன் காணாமல் போனது. இதைவிடப் பெரிய ஆபத்து, கிட் கட்டளைக்காக, கிட் தன் வரலாற்றை வைத்திருக்கும் மறைவு ஃபோல்டரை சர்வரில் வைத்திருப்பது. வெப் சர்வர் கான்ஃபிகில் ஒரு சின்னக் கவனக்குறைவு போதும், அந்த ஃபோல்டரை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு உங்கள் மொத்த சோர்ஸ் கோடையும் அதன் வரலாற்றோடு மீட்டெடுத்துவிடலாம். எப்போதோ தவறிப்போய் கமிட் செய்து அழித்த பாஸ்வேர்டும் அதில் வந்துவிடும்.

எனவே கிட் இருக்கிற இடத்தில், அதாவது பில்ட் ஓடும் இடத்தில், ஒருமுறை கேட்டுப் பதித்துவிட வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பில்ட் செய்தால் "கிட்ஹப்_ஷா" என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஹாஷ் தயாராக இருக்கும். கிட்லேபில் "சிஐ_கமிட்_ஷா". ஆனால் டிஸ்கிரைப் கட்டளையை அங்கே ஓட்டினால் பலருக்கும் வெறும் ஹாஷ் மட்டும் வரும், இல்லையென்றால் "பெயர் எதுவும் கிடைக்கவில்லை" என்று பிழை வரும். காரணம், கிட்ஹப்பின் செக்‌அவுட் ஆக்‌ஷன் இயல்பாகவே கடைசி ஒரு கமிட்டை மட்டும்தான் இறக்கும். வரலாறும் இல்லை, டேகும் இல்லை. ஃபெட்ச்-டெப்த் என்பதை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும். கிட்லேபில் கிட்_டெப்த் என்பதைப் பாருங்கள்; அங்கேயும் கிளோன் ஆழமில்லாததுதான்.

புல் ரிக்வெஸ்டுக்கு (பிராஞ்சை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தனி ப்ரிவ்யூ சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த நேரத்தில் கிட்ஹப்_ஷாவில் இருப்பது உங்கள் பிராஞ்சின் கடைசி கமிட் அல்ல. உங்கள் பிராஞ்சையும் மெயினையும் சேர்த்து கிட்ஹப் தற்காலிகமாக உருவாக்கும் மெர்ஜ் கமிட். அந்த ஹாஷை ஃபுட்டரில் பார்த்துவிட்டு உங்கள் லாகில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஈவென்ட் தகவலுக்குள் புல் ரிக்வெஸ்டின் ஹெட் ஷா தனியாக இருக்கிறது, அதை எடுங்கள்.

டாக்கர் என்றால், கிட் ஃபோல்டரை இமேஜுக்குள் காப்பி செய்யாதீர்கள். டாக்கர்இக்னோர் ஃபைலில் அது இருக்கட்டும். ஹாஷை பில்ட்-ஆர்க் வழியாக உள்ளே அனுப்பி, ஒரு என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்துவிடுங்கள். அந்த ஆர்க் வரியை டாக்கர்ஃபைலின் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்த மதிப்பு மாறும். மேலே வைத்தால் அதற்குக் கீழே உள்ள இன்ஸ்டால் படிகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் கேஷ் இல்லாமல் ஓடி, பில்ட் நேரம் தேவையில்லாமல் நீளும். கூடவே ஓபன் கண்டெய்னர் தரத்தில் சொல்லியிருக்கும் "இமேஜ்.ரிவிஷன்", "இமேஜ்.வெர்ஷன்" லேபிள்களையும் போட்டுவிட்டால், கண்டெய்னரை ஓட்டாமலே இன்ஸ்பெக்ட் கட்டளையில் பார்த்துவிடலாம். "லேட்டஸ்ட்" என்ற டேகை மட்டும் நம்பி டெப்ளாய் செய்கிறவர்களுக்கு இது ரொம்ப அவசியம். இரண்டு சர்வரிலும் லேட்டஸ்ட் என்று இருக்கும், உள்ளே இருக்கும் கோடு வேறுவேறாக இருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெப்ளாய் கருவியான கேபிஸ்ட்ரானோ ஒவ்வொரு ரிலீஸ் ஃபோல்டரிலும் "ரிவிஷன்" என்ற ஃபைலில் ஹாஷை எழுதிவைக்கும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஹெரோகுவில் டைனோ மெட்டாடேட்டா வசதியை ஆன் செய்தால் கமிட்டும் ரிலீஸ் எண்ணும் என்விரான்மென்டில் வரும். வெர்செல், நெட்லிஃபை, ரெண்டர் மூன்றும் இதற்கென ஒரு வேரியபிளைத் தருகின்றன. ஸ்பிரிங் பூட்டில் கிட் கமிட் ஐடி மேவன் பிளகின் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை உருவாக்கும், ஆக்சுவேட்டரின் இன்ஃபோ முகவரி அதைக் காட்டும், 2.5-இலிருந்து அந்த முகவரி இயல்பாக வெப்பில் திறந்திருக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும். கோ மொழியில் 1.18-இலிருந்து பில்ட் கட்டளையே ஹாஷையும் கமிட் நேரத்தையும் கமிட் ஆகாத மாற்றம் இருந்ததா என்பதையும் பைனரிக்குள் பதித்துவிடுகிறது. ஆனால் பில்ட் ஓடும் இடத்தில் கிட் ஃபோல்டர் இருந்தால்தான். டாட்நெட் 8-இலும் ஹாஷ் தானாக இன்ஃபர்மேஷனல் வெர்ஷனில் சேர்ந்துவிடும். பைத்தான், நோட் போன்றவற்றில் பில்டின்போது ஒரு சின்ன ஜேசன் ஃபைலை எழுதிவிடுவதே எளிது.

இப்போது நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். எப்போது படிப்பது?

கேபிஸ்ட்ரானோவில் "கரண்ட்" என்ற சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) ஒவ்வொரு டெப்ளாயிலும் புது ரிலீஸ் ஃபோல்டரைக் காட்டும்படி மாறும். உங்கள் அப்ளிகேஷன் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் கரண்ட் வழியாகப் போய் ரிவிஷன் ஃபைலைப் படித்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டெப்ளாய் நடந்தது, சிம்லிங்க் மாறியது, ஆனால் ஏதோ காரணத்தால் சர்வர் புராசஸ் ரீஸ்டார்ட் ஆகவில்லை. மெமரியில் ஓடுவது பழைய கோடு. ஃபுட்டரோ புது ஹாஷைக் காட்டும். டெஸ்டர் "புது பில்டிலும் பிழை அப்படியே இருக்கிறது" என்று டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவார். டெவலப்பர் சரியாக இருக்கும் கோடை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது டிஸ்கில் எது இருக்கிறது என்பதை அல்ல, எது ஓடுகிறது என்பதை. அதனால்தான் ஸ்டார்ட் ஆகும்போது ஒரேமுறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். புராசஸ் பழசாக இருந்தால் அது காட்டும் வெர்ஷனும் பழசாக இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும். கூடவே புராசஸ் எப்போது ஸ்டார்ட் ஆனது என்ற நேரத்தையும் வைத்துவிட்டால் ரீஸ்டார்ட் ஆகாத கதை உடனே வெளியே வந்துவிடும்.

பிஎச்பியில் இதே பிரச்சினை வேறு முகத்தோடு வரும். அங்கே ஒவ்வொரு ரிக்வெஸ்டும் புதிதாகத் தொடங்குவதால் ஸ்டார்ட் அப் என்று ஒன்று இல்லை. ஆனால் கம்பைல் ஆன கோடை மெமரியில் வைத்திருக்கும் ஓப்கேஷ் இருக்கிறது. ஃபைல் மாறியதா என்று பார்க்க வேண்டாம் என அதை அமைத்திருந்தால், கேஷை ரீசெட் செய்யும்வரை பழைய கோடுதான் ஓடும். வெர்ஷனை டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துப் படித்தால் அது புதிதாக வந்துவிடும், கோடு பழசாகவே இருக்கும். இதற்கு நேர்த்தியான வழி, பில்டின்போது வெர்ஷனை ஒரு பிஎச்பி ஃபைலாகவே எழுதி, இன்க்ளூட் செய்வது. அப்போது அந்த ஃபைலும் மற்ற கோடோடு சேர்ந்து ஓப்கேஷுக்குள் போய்விடும். கோடு பழசென்றால் எண்ணும் பழசு.

ஃப்ரன்டெண்ட் தனியாக ஓடும் அப்ளிகேஷனில் ஒரு வெர்ஷன் காட்டினால் போதாது, இரண்டு வேண்டும்: பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எந்த பில்ட், பதில் சொல்லும் ஏபிஐ எந்த பில்ட். முதலாவதை வீட் அல்லது வெப்பேக் என்ற பில்ட் கருவியின் டிஃபைன் வசதி மூலம் பில்டின்போது பதித்துவிடலாம். இரண்டாவதை சர்வரிடமிருந்து வாங்கிக் காட்ட வேண்டும். ரிசப்ஷனிலோ பில்லிங் கவுண்டரிலோ பயன்படுத்துகிறவர்கள் காலையில் திறந்த டேபை நாள்கணக்கில் மூடவே மாட்டார்கள். நடுவே நீங்கள் இரண்டுமுறை டெப்ளாய் செய்திருப்பீர்கள். அவர்கள் பிரவுசரில் இருப்பது இன்னும் பழைய ஜாவாஸ்கிரிப்ட். அது புது ஏபிஐயோடு பேசிக்கொண்டிருக்கும். பழைய ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளை சர்வரிலிருந்து அழித்துவிட்டீர்களென்றால், அவர்கள் வேறு பக்கத்துக்குப் போக மெனுவைத் தொட்டதும் வெள்ளைத் திரைதான்.

இதற்கு, கேஷ் ஆகாத ஒரு சின்ன வெர்ஷன் ஃபைலை அவ்வப்போது கேட்டு, தன்னுடையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் "புதிய பதிப்பு வந்திருக்கிறது, பக்கத்தைப் புதுப்பிக்கவும்" என்று ஒரு பட்டையைக் காட்டலாம். ஸ்வெல்ட்கிட்டில் இது உள்ளேயே இருக்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் நீங்களாகவே ரீலோட் செய்துவிடாதீர்கள். பாதி ஃபார்மை நிரப்பிக்கொண்டிருப்பவரின் உழைப்பை அழிக்க நமக்கு உரிமையில்லை. பயனர் வேறு பக்கத்துக்குப் போகும் தருணத்தில் முழு லோடாகச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு ஏபிஐ ரிக்வெஸ்டிலும் ஃப்ரன்டெண்ட் தன் வெர்ஷனை ஒரு ஹெடரில் அனுப்பட்டும், சர்வர் அதை லாகில் எழுதட்டும். பிழைகளைத் திரட்டும் சென்ட்ரி மாதிரி ஒன்று வைத்திருந்தால் அதன் ரிலீஸ் பெயராகவும் இதே சரத்தைக் கொடுங்கள். ஃபுட்டரில் ஒன்று, பிழைப் பட்டியலில் இன்னொன்று என்று இருந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும்.

ரிக்வெஸ்டுகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருந்தால் ஃபுட்டர் உங்களுக்குப் பதில் சொன்ன ஒரு சர்வரை மட்டுமே காட்டும். ரோலிங் டெப்ளாய் நடக்கும்போது இரண்டு வெர்ஷன்களும் ஒரே நேரத்தில் ஓடுவது இயல்பு. முடிந்த பிறகும் ஒன்று பின்தங்கி நின்றுவிட்டால்தான் ஆபத்து. ஆகவே டெப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசிப் படி இதுவாக இருக்கட்டும்: ஒவ்வொரு சர்வரையும் பேலன்சர் வழியாக இல்லாமல் நேரடியாக அணுகி, "/வெர்ஷன்" தரும் ஹாஷை நாம் அனுப்பிய ஹாஷோடு ஒப்பிட்டு, ஒன்று பொருந்தாவிட்டாலும் டெப்ளாய் தோல்வி என்று அறிவிக்க வேண்டும். கண்காணிப்புக் கருவியான ப்ரோமிதியஸைப் பயன்படுத்துகிறவர்கள் "பில்ட் இன்ஃபோ" என்ற வழக்கமான மெட்ரிக்கை வைப்பார்கள். அதன் மதிப்பு எப்போதும் 1, வெர்ஷனும் ரிவிஷனும் லேபிளாக இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ரிவிஷன் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நீடித்தால் அலர்ட் வரும்படி வைக்கலாம்.

பெரிய அளவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசையென்றால் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போய் "ஸ்பெஷல்:வெர்ஷன்" பக்கத்தைத் திறங்கள். அந்தத் தளத்தை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளின் வெர்ஷன் எண், பக்கத்திலேயே கமிட் ஹாஷ், நேரம், பிஎச்பி எது, டேட்டாபேஸ் எது, அப்புறம் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனி ஹாஷ் என்று எல்லாம் வெளிப்படையாக இருக்கும். விக்கிமீடியாவில் வாராந்தர டெப்ளாயை "ட்ரெயின்" என்பார்கள்: செவ்வாயன்று சோதனை விக்கிகளுக்கு, புதனன்று விக்சனரி, காமன்ஸ் போன்றவற்றுக்கு, வியாழனன்று பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கு. ட்ரெயின் தடங்கலில்லாமல் போகும் வாரத்தில், புதனன்று டெப்ளாய் முடிந்த பிறகு தமிழ் விக்சனரியின் அந்தப் பக்கத்தையும் தமிழ் விக்கிப்பீடியாவின் அதே பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்கள் வேறுவேறாக இருக்கும். நான் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க இதைத்தான் காட்டுவேன்.

"வெர்ஷனை வெளியே காட்டினால் ஹேக்கர்களுக்கு உதவி ஆகாதா?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் எதைக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் தனியார் ரெப்போவின் கமிட் ஹாஷ் வெளியாளுக்கு அர்த்தமில்லாத ஒரு சரம். அதை வைத்து அவர் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வேர்ட்பிரஸ் போன்ற எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளின் எண்ணோ, பிஎச்பி, என்ஜின்எக்ஸ் ஆகியவற்றின் எண்ணோ அப்படியல்ல. இந்தப் பதிப்பில் இந்த ஓட்டை என்று பட்டியலே இருக்கிறது, தானியங்கி ஸ்கேனர்கள் அதை வைத்துத்தான் வேட்டையாடுகின்றன. அவற்றை மறைப்பது அப்டேட் செய்வதற்கு மாற்று ஆகாது, ஆனாலும் விளம்பரப்படுத்த வேண்டியதில்லை. பிராஞ்ச் பெயரையும் கமிட் மெசேஜையும் வெளியே காட்டாதீர்கள். வராத அம்சத்தின் பெயரோ, இன்னும் அடைக்காத ஓட்டையின் விவரமோ அவற்றில் இருக்கும். இன்னொன்று, வெர்ஷன் முகவரியை எழுதும்போது வசதிக்காக என்விரான்மென்ட் முழுவதையும் கொட்டிவிடும் கோடு ஒன்றை யாராவது எழுதிவிடுவார்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதோடு சேர்ந்து வெளியே போகும். காட்ட வேண்டிய நான்கைந்து பெயர்களைப் பட்டியலாக எழுதி, அவற்றை மட்டும் காட்டுங்கள். இன்னும் தயக்கமிருந்தால் பொதுமக்களுக்கு 2.4.1 மட்டும், லாகின் செய்த ஊழியர்களுக்கு முழு ஹாஷும் என்று பிரிக்கலாம். கிட்லேபில்கூட லாகின் செய்தவர்களுக்குத்தான் ஹெல்ப் பக்கத்தில் வெர்ஷன் தெரியும்.

திரையில் எங்கே வைப்பது? ஃபுட்டரில் சின்ன எழுத்தில், செலக்ட் செய்து காப்பி எடுக்கக்கூடிய டெக்ஸ்டாக. படமாகவோ மவுஸை வைத்தால் மட்டும் தெரியும்படியோ வேண்டாம். மொபைலில் மவுஸ் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது. ஃபுட்டரைவிட முக்கியமான இடம் பிழைப் பக்கம். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்ற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அதில் வெர்ஷனும் நேரமும் இருந்தால் பாதிக் கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். நேரத்தை 03/07 என்று எழுதாதீர்கள், மார்ச்சா ஜூலையா என்று குழப்பம் வரும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், +05:30 என்ற நேர வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். கமிட் நேரம், பில்ட் நேரம், டெப்ளாய் நேரம் மூன்றும் வேறுவேறு என்பதால் எது எது என்று பெயரும் போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்தான் இடமிருக்கிறது என்றால் கமிட் நேரத்தைப் போடுங்கள். அதே கமிட்டை மறுபடி பில்ட் செய்தாலும் அது மாறாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஸ்டேஜிங்கிலும் புரொடக்‌ஷனிலும் ஒரே ஹாஷ் இருந்து, நடத்தை மட்டும் வேறாக இருக்கும் நாள் ஒன்று வரும். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு. டேட்டாபேஸில் கடைசியாக ஓடிய மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) எது. ரெயில்ஸ், ஜாங்கோ, ஃப்ளைவே மூன்றும் அதை ஒரு டேபிளில் குறித்து வைக்கின்றன, அதன் கடைசி வரியை எடுத்து வெர்ஷன் பக்கத்தில் சேர்த்துவிடலாம். மற்றது, எந்தெந்த ஃபீச்சர் ஃபிளாகுகள் ஆன் ஆகியிருக்கின்றன. இந்த இரண்டையும் லாகின் செய்த ஊழியர்களுக்கான பக்கத்தில் மட்டும் காட்டுங்கள்.

வேலையைத் தொடங்க "/வெர்ஷன்" முகவரியிலிருந்து தொடங்குவது நல்லது. அது இருந்தால் டெப்ளாய் ஸ்கிரிப்ட் சரிபார்ப்பை அன்றே சேர்த்துவிடலாம். ஃபுட்டரும் பிழைப் பக்கமும் அதற்குப் பிறகு டெம்ப்ளேட்டில் ஆளுக்கொரு வரிதான்.